சுரண்டாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது

டீ நன்றாக இருந்தது மேடம். நீங்கள் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்டேஷன் கேட்டுக்கு யாரோ துருவைச் சுரண்டாமலே பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். கீல் பக்கத்தில் விரலால் தட்டிப் பாருங்கள், பொருபொருவென்று உதிரும். அடுத்த மழைக்குள் கேட் கையோடு வந்துவிடும். என்னைக் கூட்டி வந்த ஏட்டய்யாவிடமும் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு வாய்யா" என்றார். வந்தேன்.

பெயர் பாண்டித்துரை. வயது ஐம்பத்தெட்டு. சொந்த ஊர் நயினார்கோவில் பக்கம். நெல்லும் மிளகாயும் போட்டு நாலு தலைமுறையாக ஒரே மண்ணில் இருந்த குடும்பம். நான் மட்டும் பாம்பனுக்கு வந்து பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்தேன். முப்பத்து நாலு வருஷமாகிறது. படகு, ஐஸ் கம்பெனி, தண்ணீர்த் தொட்டி, லாட்ஜ் மொட்டைமாடிக் கைப்பிடி, எல்லாம் பார்த்தாயிற்று. இந்தக் கடற்கரையில் இரும்பை வாங்கி வைத்தால் அது கொஞ்ச நாளைக்குத்தான் இரும்பு. அதனால் துருவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் பாண்டித்துரையைக் கேள் என்பார்கள். தற்பெருமைக்குச் சொல்லவில்லை, வாக்குமூலத்தில் தொழில் என்ன என்று ஒரு கட்டம் இருக்குமே, அதற்காகச் சொல்கிறேன்.

என் மகள் ஜெயப்பிரியா எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது கோட் அடிக்க முடியாது, கொஞ்சம் பொறுங்கள்.

அவளுக்கு இருந்தது அரிவாள் செல் சோகை. ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணு உருண்டையாக இருக்க வேண்டும், இவளுக்கு அது அரிவாள் மாதிரி வளைந்துகொள்ளும். வளைந்தது ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ரத்தக்குழாயை அடைக்கும். அப்போது வருகிற வலியைப் பார்த்தவர்கள் சோறு தின்ன மாட்டார்கள். பெயரை முதன்முதலில் ஊரில் சொன்னபோது என் பங்காளி ஒருவன் பதறிப்போய், "ஏலே, யாருலே வெட்டுனது, இப்பவே கெளம்புவமா" என்று வேட்டியை மடித்துக் கட்டினான். அவனை உட்கார வைத்து மோர் கொடுத்துப் புரிய வைக்க அரை நாள் ஆயிற்று.

என் சம்சாரம் இராமலட்சுமி கூடலூரில் பிறந்தவள். அவள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே மலைக்காரர்களிடம் இந்த நோய் உண்டு என்று கேள்விப்பட்டதும் எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. இது மலைச் சீக்கு, உன் ஊரிலிருந்து கொண்டு வந்தாய் என்று அவளிடம் சொன்னேன். கோபமாக இல்லை, தகவலாகத்தான். மகளுக்கு வலி வரும்போதெல்லாம் சொன்னேன். இருபது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடப் பதில் பேசியதில்லை. அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மர்ஜானாவிடம் போனோம். கீழக்கரைப் பக்கத்துப் பெண், சின்ன வயசு, பொறுமைசாலி. தினம் ஒரு கேப்சூல் எழுதிக்கொடுத்தாள். அதை விழுங்க ஆரம்பித்த பிறகு பதினாலு மாதம் ஜெயப்பிரியாவுக்கு ஒரு நாள்கூட வலி இல்லை. கன்னத்தில் சதை வைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை போட்டாள். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தத்துக்கு விண்ணப்பம் எழுதுவது. கடைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரச்சினை என்னவென்றால், ஒரு பரிசோதனைக்குப் போயிருந்தபோது டாக்டரம்மா புதிதாக ஒரு பொடியும் மீன் எண்ணெய் மாத்திரையும் சேர்த்து எழுதினாள். எதற்கு என்று கேட்டேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஒங்களுக்குச் சொல்றது ஈசி அய்யா. ஒங்க மக ரத்தத்துல ஒரு மாதிரி துருப்பிடிக்குது. இந்தப் பொடி, மீன் எண்ணெயெல்லாம் அந்தத் துருவக் கொஞ்சம் கொறைக்கும். ஆனா இது தொணைக்குத்தான். கேப்சூல்தான் முக்கியம், அத ஒரு நாளும் விட்ராதீங்க. தண்ணி நெறயக் குடிக்கணும்."

துரு என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை மேடம். இருபது வருஷமாக எந்த டாக்டரும் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னதில்லை. ஹீமோகுளோபின் என்றார்கள், எலக்ட்ரோ என்னமோ என்றார்கள். கடைசியில் பார்த்தால் துரு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நாளும் என் வீட்டில் என் தொழில் நடந்துகொண்டிருந்திருக்கிறது, என்னைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து எங்கள் குடும்பத்தைப் படமாகப் போட்டாள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். ஜெயப்பிரியாவின் வட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கினாள். இராமலட்சுமியின் வட்டத்தில் பாதி. அப்புறம் என் சதுரத்திலும் பாதியைக் கறுப்பாக்கினாள்.

"தப்பாப் போட்டுட்டீங்க" என்றேன்.

"இல்லய்யா. அம்மாகிட்ட ஒரு பங்கு, அப்பாகிட்ட ஒரு பங்கு, ரெண்டும் சேந்தாத்தான் இப்படி வரும். ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, சும்மா ரத்தத்துல இருக்கும். வேணும்னா இப்பவே கொஞ்சம் ரத்தம் குடுங்க, உறுதிப்படுத்திக்கலாம்."

வெறும் வயிற்றில் வரவில்லை என்றேன். வெறும் வயிறு தேவையில்லை என்றாள். ராமேஸ்வரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ் அரை மணிக்கு ஒன்று இருக்கிறது என்று என் சம்சாரம் சொன்னாள். அந்த விஷயத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டேன்.

ஜெயப்பிரியா அந்தத் தாளை வாங்கி வந்து லேமினேட் போட்டுக் கடையில் மாட்டிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், நாலு பேருக்கு உபயோகமாகட்டும் என்றாள். ஆதாரில் பெயர் திருத்த வருகிறவன், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவன், அத்தனை பேரும் என் சதுரத்தைப் பார்த்தார்கள். பெரியபட்டினம் வாவு முகம்மது, படகு வைத்திருக்கிறார், என் பழைய சிநேகிதர். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

"எங்க ஆளுகளாச்சும் கப்பலேறி நாலு தேசம் போனாக. நாலு தலமுறையா வயக்காட்டவிட்டு நகராத ஒங்க ஆளுகளுக்கு இது எங்கனருந்து வந்துச்சு பாண்டி? யாரு வந்து போனாகளோ, போ."

விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றைக்கே அவர் படகுக்கு அடிக்க வேண்டிய பெயிண்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் செய்தது முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுத்தாளைக் கவனமாகப் படித்தேன். அதில் தமிழில், தடித்த எழுத்தில், 'ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புச் சிகிச்சை' என்று போட்டிருந்தது. நீங்களே வாசித்துப் பாருங்கள் மேடம். ஆக்ஸிஜன். ஏற்ற. எதிர்ப்பு. முன்பு அவளுக்கு வலி முற்றும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயை மாட்டி, "ஆக்ஸிஜன் ஏத்துறோம்" என்றுதானே நர்ஸுகள் சொல்வார்கள். அதற்கு எதிர்ப்பு என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். ஒரு கையால் எழுதிவிட்டு இன்னொரு கையால் அதையே செய்திருக்கிறார்கள். துருவுக்குக் காரணமே ஆக்ஸிஜனும் ஈரமும்தான். எங்கள் தொழிலில் வாளி தூக்குகிறவனுக்கும் தெரியும். இவர்கள் காற்றையும் ஏற்றி, நிறையத் தண்ணீரும் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கேப்சூலைப் பற்றியும் யோசித்தேன். அதை விழுங்கினால் நன்றாக இருக்கிறாள், நிறுத்தினால் வலி வரும் என்கிறார்கள். இதற்கு எங்களிடம் ஒரு பெயர் உண்டு. துருவுக்கு மேலேயே பெயிண்ட் அடிப்பது. மேலே பளபளப்பு, உள்ளே அரிப்பு. அதை முதலில் உரித்தாக வேண்டும். சொன்னால் ஜெயப்பிரியா கேட்க மாட்டாள் என்பதால் ஒவ்வொரு கேப்சூலாகப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, பொட்டுக்கடலை மாவை நிரப்பி மூடி வைத்தேன். சுத்தமான பொட்டுக்கடலை, நானே அரைத்தேன். அவள் தினமும் காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று ஒன்றை விழுங்கிவிட்டுக் கடைக்குப் போவாள்.

ஆறு வாரத்தில் வலி திரும்பியது. பழைய பெயிண்ட் உரிகிறது என்று எடுத்துக்கொண்டேன். அவள் பயந்துபோனாள். "மாத்திர வேல செய்ய மாட்டேங்குதே அய்யா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பெற்ற மகள் இல்லையா.

பிறகு சிங்க் கட்டி. விசைப்படகுக்கு அடியில், காற்றாடிக்குப் பக்கத்தில், துத்தநாகக் கட்டி ஒன்றை வைத்து முடுக்குவோம். உப்புத்தண்ணீர் அந்தக் கட்டியை அரிக்கும், படகின் இரும்பை விட்டுவிடும். உள்ளங்கை அளவில் ஒன்றைத் தேய்த்து மழுங்கவைத்து, ஓட்டை போட்டு, மகள் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கொடுத்தேன்.

"அய்யா, நான் என்ன விசைப்படகா? இதக் கட்டி மீன் பிடிக்க அனுப்பப் போறீகளா?" என்று சிரித்தாள். வலியோடு சிரித்தாள். ஆனாலும் எனக்காகக் கட்டிக்கொண்டாள். கடையில் எழுந்து உட்காரும்போதெல்லாம் மேஜையில் டொக்கென்று இடிக்கும்.

போன வாரம் இராமலட்சுமி கூடலூருக்கு அவள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். மகளை விட்டுப் போக மனமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். ஆறு நாள். வேலைக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரியாவின் அறையை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் இடுக்குகளில் பட்டி பார்த்தேன். வெண்டிலேட்டரைப் பலகையால் அடைத்தேன். ஓட்டுக்குக் கீழே தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன். பிறகு சுவர், ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் எப்பாக்சி இரண்டு கோட். நல்ல சரக்கு, கப்பலுக்கு அடிக்கிறது. யோசனை அவளுடைய கடையிலிருந்து வந்ததுதான். ஒரு தாளைக் காற்றுப் புகாமல் லேமினேட் போட்டால் பத்து வருஷம் அப்படியே இருக்கிறதே, அறைக்குப் போட்டால் என்ன என்று தோன்றியது. கொசுவுக்காக அடைக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வலி கடுமையாக வந்தது. மதுரைக்குப் போகலாம் என்றாள். முதலில் கொஞ்சம் படுத்திரு தாயி என்று உள்ளே படுக்க வைத்து, வெளியே பூட்டினேன். போனைச் சார்ஜ் போடுவதற்காக நான் வைத்துக்கொண்டேன். கதவில் 'ஈர பெயிண்ட், தொடாதீர்கள்' என்று என் தொழில் பலகையை மாட்டினேன். அந்தப் பலகைக்கு ஊரில் நல்ல மரியாதை உண்டு. பக்கத்து வீட்டு உலகம்மாள் கடை ஏன் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள்.

"உள்ள யாரோ முனங்குற மாதிரி கேக்குதே பாண்டி."

"டிவி" என்றேன்.

கதவில் காதை வைக்கப் போனவள் பலகையைப் பார்த்ததும் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். புதுச் சேலையாம். அந்தக் கதவு திங்கட்கிழமையே காய்ந்துவிட்டிருந்தது.

தண்ணீரை முதல் நாள் ஒரு டம்ளராகக் குறைத்தேன். மறுநாள் அரை டம்ளர். அப்புறம் நனைத்த துணியால் உதட்டை மட்டும் துடைத்தேன். இராமலட்சுமி தினமும் போன் செய்தாள். தூங்குகிறாள் என்றேன், கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன், குளிக்கிறாள் என்றேன். குளிக்கிறாள் என்றபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது போல, கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியெல்லாம் பேசினாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானே டாக்டர் மர்ஜானாவுக்குப் போன் செய்தேன். எனக்கு அப்படிப்பட்ட பழக்கம் உண்டு, வேலையில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவேன். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டுத்தாளில் இருக்கிற சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்டேன். ஆக்ஸிஜனை ஏற்றக் கூடாது என்றுதானே பொருள் என்றேன்.



"அய்யா, ஆக்ஸிஜனேற்றம்னா துருப்பிடிக்கிறதுக்குப் பேரு. காத்தே கூடாதுன்னு அர்த்தம் இல்ல. ஒங்க மகளுக்குக் காத்துக் கொறஞ்சாலோ தண்ணி கொறஞ்சாலோ அந்த அணு வளஞ்சு அங்கங்க அடச்சிக்கிரும். உசுருக்கே ஆபத்து. ஜெயப்பிரியா எங்க இருக்கு? நல்லாருக்குதா? போனை அதுகிட்டக் குடுங்க."

"கடைக்குப் போயிருச்சும்மா" என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். மறுபடி மறுபடி அடித்தாள், நான் எடுக்கவில்லை. சாயங்காலம் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொன்னவள் அவள்தான் என்று இப்போது தெரிகிறது. நல்ல பெண். உங்கள் ஆள் விலாசம் விசாரித்து வந்து சேர மறுநாள் காலையாகிவிட்டது.

நீங்கள் கேட்டது அந்த நடுவில் இருக்கிற நேரத்தைப் பற்றி. பத்து மணியிலிருந்து. சொல்கிறேன்.

எனக்கு அவள் சொன்னது புரிந்தது மேடம். ஒரே தடவையில் புரிந்தது, நான் ஒன்றும் மட்டி இல்லை. கதவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாவி சட்டைப் பையில் இருந்தது. குடம் நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. உள்ளிருந்து ஜெயப்பிரியா, "அய்யா, தண்ணி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அய்யா, ஜன்னலயாச்சும் தெறந்துவிடுங்க" என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு தடவைகூடத் திட்டவில்லை. மத்தியானத்துக்கு மேல், "அய்யா, அங்கனதான இருக்கீக?" என்று கேட்டாள். "இங்கனதான் இருக்கேன் தாயி" என்றேன். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

திறந்திருக்கலாம். எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு. திறந்திருந்தால் மதுரைக்குக் கொண்டுபோயிருப்போம், பிழைத்திருப்பாள். டாக்டரம்மா சொன்னது ஒன்று சரி என்றால் எல்லாமே சரி என்றுதானே ஆகும். அப்புறம் அந்தச் சதுரமும் சரிதான். கூடலூர்க்காரி இருபது வருஷம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டதற்கெல்லாம் நான் என்ன பதில் சொல்வது? என் அய்யாவுக்கு, அவருடைய அய்யாவுக்கு என்ன பதில் சொல்வது? அதையெல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே சத்தம் நின்றது. இரண்டாவது கோட்டை ஒரு ராத்திரி தொடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விடியும்வரை இருந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். பத்து மணிக்கு முன்னால் தெரியாமல் செய்தேன், பத்து மணிக்குப் பின்னால் தெரிந்து செய்தேன், இப்படி இரண்டாகப் பிரித்து எழுதினால் சரியாக இருக்கும்.

கோர்ட்டில் என் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்வார்கள் என்று ஏட்டய்யா சொல்கிறார். இனிமேல் அதற்கு அவசியம் இல்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட வேண்டும். எங்கள் வம்சத்தில் இன்றைய தேதிக்கு அந்தச் சீக்கு ஒருவருக்கும் கிடையாது மேடம், யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.